வீட்டில் கலக்கும் பே ரம்

பே ரம் என்பது சவரம் முடிந்த முகத்தில் தடவிக்கொள்ளும் வாசனைச் சாராயம். மேற்கிந்தியத் தீவுகளில் வளரும் பே மரத்தின் இலைதான் அதற்கு உயிர். பெயரில் ரம் இருந்தாலும் இன்று கடையில் விற்கும் பாட்டில்கள் பலவற்றில் ரம் கிடையாது. எரிசாராயம், தண்ணீர், இலைத் தைலம், அவ்வளவுதான். ஆஃப்டர் ஷேவ் வகைகளில் வீட்டில் கலப்பதற்கு இதைவிடத் தோதானது வேறில்லை. சேர்மானம் குறைவு, செய்முறை பழையது, பிசகினால் கண்ணுக்கும் மூக்குக்கும் உடனே தெரிந்துவிடும்.

பே மரத்துக்குத் தாவரவியலில் பிமென்டா ராசிமோசா என்று பெயர். கொய்யா, நாவல், கிராம்பு, யூகலிப்டஸ் எல்லாம் அடங்கிய குடும்பத்தில் இதுவும் ஒன்று. இலை தடிப்பாக, மேல்பக்கம் பளபளவென்று இருக்கும். கசக்கி முகர்ந்தால் முதலில் கிராம்பு வரும். அதன் பின்னாலேயே எலுமிச்சையின் சாயலும் லேசான மிளகுக் காரமும் வரும். ஐரோப்பியச் சமையலில் போடும் பே இலை வேறு மரத்தினுடையது. நம் பிரியாணியில் விழும் பிரிஞ்சி இலை இன்னொரு மரத்தினுடையது. அவற்றை ரம்மில் ஊறப்போட்டால் அடுப்படி வாசனைதான் மிஞ்சும்.

கப்பல்காரர்கள் இந்த இலையை ரம்மில் ஊறவைத்து மேலுக்குத் தேய்த்துக்கொண்டதாகக் கதை உண்டு. கதை எப்படியோ, அதை ஊரறிந்த சரக்காக்கியதில் செயின்ட் தாமஸ் தீவுக்குத்தான் பெரும் பங்கு. அந்தத் தீவு அப்போது டென்மார்க்கின் கையில் இருந்தது. 1838இல் அங்கே வந்து மருந்துக்கடை வைத்த ஆல்பர்ட் ஹைன்ரிக் ரீஸ என்ற டேனிஷ் மருந்தாளர், பே ரம்மை வடித்துப் பாட்டிலில் அடைத்து வெளிநாடுகளுக்கு அனுப்பினார். இலை பெரும்பாலும் பக்கத்துத் தீவான செயின்ட் ஜானிலிருந்து வந்தது. செயின்ட் ஜானில் சின்னமன் பே என்ற இடத்தில் பழைய வடிசாலையின் இடிபாடுகளை இன்றும் பார்க்கலாம். 1917இல் அமெரிக்கா இந்தத் தீவுகளை விலைக்கு வாங்கியது. அதற்கு முன்பே அமெரிக்க முடிதிருத்தும் கடைகளின் அலமாரியில் பே ரம் நிலையாக இடம்பிடித்திருந்தது. சவரத்துக்குப் பிறகு கன்னத்திலும், முடி வெட்டிய பிறகு பிடரியிலும் அதைத் தடவுவார்கள்.

இன்று இலைத் தைலத்துக்குப் பெயர்போன இடம் டொமினிக்கா. அத்தீவின் தென்கிழக்கு மூலையில், மலைச்சரிவில் இருக்கும் பெட்டிட் சாவான் கிராமம் இந்தத் தொழிலையே நம்பி வாழ்ந்தது. 2015 ஆகஸ்டில் எரிக்கா புயல் கொட்டிய மழையில் சரிவுகள் பெயர்ந்து விழுந்தன. ஊரையே காலி செய்யவேண்டி வந்தது. தைலத்தின் வரத்து ஒரு சின்னத் தீவின் மழையையும் காற்றையும் நம்பித்தான் இருக்கிறது.

வடிக்கும் முறையில் ரசிக்கத்தக்க ஓர் இடம் உண்டு. கிளையோடு ஒடித்த இலையை வாலையில் அடைத்து, கீழே விறகு மூட்டி, நீராவியைக் குளிரவைத்து இறக்குகிறார்கள். தைலம் இரண்டாகப் பிரிந்து வரும். ஒரு பகுதி தண்ணீரின் மேல் மிதக்கும், மற்றது அடியில் தங்கும். மிதப்பதில் மிர்சீன் என்ற லேசான பொருள் கூடுதல். எலுமிச்சைச் சாயலுக்கும் பச்சை வாசத்துக்கும் காரணம் அது. அடியில் தங்குவதில் யூஜினால் மிகுதி. கிராம்பின் மணம் அதிலிருந்துதான். பல் வைத்தியர் ஈறை மரத்துப்போகச் செய்யப் பயன்படுத்துவதும் அதையே. இரண்டையும் திரும்ப ஒன்றாகக் கலந்தால்தான் அது பே தைலம். மேலே மிதந்ததை விட்டுவிட்டுக் கனமானதை மட்டும் எடுத்தால் கிராம்புத் தைலத்துக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இராது. வீட்டில் கலப்பவர் மனத்தில் வைக்கவேண்டிய அளவுகோலும் இதுவே: கிராம்பு முன்னால் வந்து நின்றுவிட்டால் அது நல்ல பே ரம் அல்ல.

அளவுகளுக்கு நம்பத்தகுந்த ஒரு பழைய துணை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மருந்துநூல் பே ரம்மையும் ஒரு மருந்துச் சரக்காகச் சேர்த்துக்கொண்டது. அதன் கணக்கு: ஒரு லிட்டருக்கு பே தைலம் 8 மில்லி, ஆரஞ்சுத் தோல் தைலம் அரை மில்லி, பே மரத்தின் உறவான சர்வசுகந்தியின் தைலம் அரை மில்லி, எரிசாராயம் 610 மில்லி, மீதிக்குத் தண்ணீர். தைலங்களை முதலில் சாராயத்தில் கரைத்து, தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, எட்டு நாள் அப்படியே வைத்துவிட்டுத் தாளில் வடிகட்டவேண்டும். நூறாண்டு கடந்தும் இந்தக் கணக்கில் திருத்த அதிகமில்லை. தைலத்தை மட்டும் பாதியாக்கிக்கொள்வது நல்லது; யூஜினால் சிலருக்குத் தோல் ஒவ்வாமையைக் கிளப்பும் என்பது இன்று தெரிந்த விஷயம்.

வீட்டுக்கு 100 மில்லி கலந்தால் போதும். 95 சதவீதச் சாராயம் 60 மில்லி, பே தைலம் 8 முதல் 10 சொட்டு, ஆரஞ்சுத் தோல் தைலம் ஒரு சொட்டு, கிளிசரின் 2 மில்லி, மீதிக்குக் காய்ச்சி வடித்த நீர். வரிசையை மாற்றக்கூடாது. தண்ணீரில் தைலத்தை விட்டால் அது எண்ணெய்ப் படலமாக மேலே நிற்கும். எவ்வளவு குலுக்கினாலும் சேராது. சாராயத்தில் கரைத்த பிறகு தண்ணீரை விடும்போது ஒரு கட்டத்தில் தெளிந்த திரவம் திடீரென்று பால்போல் கலங்கும். சாராயத்தின் வலு குறைந்துவிட்டதால் கரைந்திருந்த தைலம் நுண்துளிகளாகப் பிரிகிறது என்று பொருள். அங்கேயே நிறுத்தி, இரண்டு மூன்று மில்லி சாராயம் சேர்த்தால் மறுபடி தெளியும். நல்ல கை என்பது இந்த எல்லையைத் தொடாமல் அதற்குச் சற்று முன்பே நின்றுவிடுவது. பாத்திரம் கண்ணாடியாக இருக்கட்டும். யூஜினால் இரும்போடு சேர்ந்தால் நிறம் கறுக்கும்.

95 சதவீதச் சாராயம் இங்கே எளிதில் வாங்கக்கூடியது அல்ல. தொழிலகங்களுக்கு விற்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டை அதற்குப் பதிலாக நினைத்தும் பார்க்கக்கூடாது. அதிலுள்ள மெத்தனால் தோல் வழியாகவும் உடம்பில் இறங்கும். அதனால் இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஊறல் முறையே வழி. இங்கே விற்கும் ரம் 42.8 சதவீத வலுவுடையது. தைலத்தைக் கரைக்க அது போதாது, இலையின் சாரத்தை இழுக்கப் போதும். வெள்ளை ரம் நல்லது. கறுப்பு ரம்மில் சேரும் கருக்கிய சர்க்கரை முகத்தில் பிசுபிசுக்கும். 200 மில்லி ரம்மில் ஒரு கைப்பிடி இலையைக் கிழித்துப் போட்டு, வெளிச்சம் படாத இடத்தில் இரண்டு வாரம் வைக்கலாம். பட்டையும் கிராம்பும் சேர்ப்பதானால் ஒரு சிறு துண்டும் இரண்டு மொட்டும் போதும். அவற்றையும் இரண்டு நாளில் எடுத்துவிடவேண்டும். ஆரஞ்சுத் தோலின் வெள்ளைப் பகுதியைச் சீவிவிட்டுப் போடவேண்டும். எலுமிச்சைத் தோல் வேண்டாம். அதன் எண்ணெய் பட்ட தோலில் வெயில் விழுந்தால் கருத்துத் தழும்பாகும்.

பே இலை கிடைக்காதவர்களுக்குக் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் வீட்டுத் தோட்டங்களில் வளரும் சர்வசுகந்தி கைகொடுக்கும். அது பே மரத்துக்கு மிக நெருங்கிய இனம், இலையில் யூஜினால் தாராளம். ஆனால் எலுமிச்சைச் சாயல் குறைவு. ஆரஞ்சுத் தோலைச் சற்றுக் கூட்டி அதை ஈடுகட்டலாம். கிடைப்பது அசல் பே ரம் அல்ல என்றாலும், கடையில் விற்கும் நீலநிற ஆஃப்டர் ஷேவ்களைவிட எவ்வளவோ தேவலை.

ஊறலில் வந்த பே ரம்மும் தைலத்தில் கலந்ததும் வேறு வேறு. தைலத்தில் கலந்தது தெளிவாக, கூர்மையாக மணக்கும். ஊறலின் மணம் மந்தமானது. இலையின் துவர்ப்பும் பழுப்பு நிறமும் அதில் இறங்கியிருக்கும், வெள்ளைத் துண்டில் துடைத்தால் கறைபடும். எது மேல் என்று கேட்டால், வீட்டில் செய்யும் உழைப்புக்கு ஊறலே தகும். தைலத்தில் கலப்பதைத் தொழிற்சாலையும் அதே தரத்தில் செய்துவிடும்.

தடவியதும் எரிவது சாராயத்தின் வேலை. பிளேடு மயிரோடு சேர்த்துத் தோலின் மேலடுக்கையும் மெல்லச் சீவிவிடுகிறது. சூட்டை உணரும் நரம்பு முனை வழக்கமாக 42 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் கிளர்ச்சியடையும். சாராயம் பட்டால் அந்த எல்லை 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. உடம்பின் சொந்தச் சூடே சுடுவதாகத் தோன்றுகிறது. சில நொடிகளில் சாராயம் ஆவியாகிக் குளிர்ச்சி வருகிறது, யூஜினால் எரிச்சலை மழுக்குகிறது. எரிச்சலை அடுத்து உடனே வரும் இந்தக் குளிர்ச்சிதான் பே ரம்மின் சுகம். ரத்தக் கீறல் இருந்தால் சலூன்களில் செய்வதுபோல் முதலில் படிகாரக் கல்லை ஈரத்தில் தேய்த்து, முகத்தைக் கழுவிய பிறகே இதைத் தடவவேண்டும். வறண்ட தோல்காரர்கள் கிளிசரினை 3 மில்லிவரை கூட்டலாம். 5 மில்லிக்குப் போனால் தலையணையில் ஒட்டும்.

தரம் பார்ப்பதற்குப் பாட்டிலை முகர்ந்து பயனில்லை; அங்கே சாராயம் மட்டுமே பேசும். புறங்கையில் இரண்டு சொட்டு விட்டு, கால்மணி நேரம் கழித்து முகரவேண்டும். லேசான பச்சை வாசம் அடங்கி, காரம் மட்டுப்பட்டு, காய்ந்த மரத்தின் மணம்போல் ஒன்று எஞ்சியிருந்தால் கலவை சரி. பல்வலிக்குத் தடவிய மருந்துபோல் மணந்தால் கிராம்பு மிஞ்சிவிட்டது. கலந்த அன்று முகர்ந்து தீர்ப்புச் சொல்லவும் கூடாது. எட்டு நாளுக்குள் சாராயத்தின் முரட்டுத்தனம் பாதி இறங்கிவிடும்.

முதல் முறை முகத்தில் தடவுமுன் முழங்கை உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பார்ப்பது நல்லது. தோல் சிவந்தாலோ அரித்தாலோ அந்தக் கலவை தடவியவருக்கு ஆகாது. பழுப்புப் பாட்டிலில் ஊற்றி, இறுக மூடி, அடுப்புக்கு எட்டத்தில் வைக்கவேண்டும். இது எளிதில் தீப்பிடிக்கும். வாங்கிய பே தைலத்தில் மீதமிருந்தாலும் சிறு பாட்டிலுக்கு மாற்றிக் காற்றுப் புகாமல் மூடவேண்டும். இல்லாவிட்டால் அது தடித்துப் பிசினாகும். பாட்டிலின் மேல் ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்று எழுதி ஒட்டவும் மறக்கக்கூடாது: 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது, வேறு சரக்குக் கிடைக்காதவர்கள் பே ரம்மையும் குடித்தார்கள்.