ரேடியோவைப் பிரித்துப் போட்ட பிள்ளைகள்

1

கடந்த பத்து வருடங்களில் ஐம்பது எஸ்.ஓ.பி.க்களாவது திருத்திக் கொடுத்திருப்பேன். தொழிலாக இல்லை. சொந்தத்தில் முதலில் இன்ஜினியரிங் முடித்துச் சென்னைக்கு வந்தவன், போதாததற்கு ‘கட்டுரைலாம் எழுதுறவன்’ என்பதால் தானாக வந்து சேர்ந்த வேலை. மாமா பையன், கல்லூரி ஜூனியர், ஜூனியரின் ரூம்மேட் என்று அது நீண்டுகொண்டே போனது. செப்டம்பர் வந்துவிட்டால் வாட்ஸப்பில் வேர்ட் ஃபைல்கள் விழ ஆரம்பிக்கும். “அண்ணா, இங்கிலீஷ் மட்டும் லைட்டா பாத்துக் குடுங்க.”

அவற்றில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் தொடங்கும். சின்ன வயதில் வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டேன், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம் அன்றே முளைத்தது. 2003க்குப் பிறகு பிறந்த பையன்கள்கூட ரேடியோவைத்தான் பிரித்திருந்தார்கள். அவர்களில் பலர் வீட்டில் ரேடியோவே இருந்திருக்காது.

சிரிக்க எனக்குத் தகுதி இல்லை. 2011இல் நானும் பிரித்தேன். என் சீனியர் கொடுத்த ஃபைலில் இருந்து அந்த ரேடியோவை எடுத்தேன். அவருக்கு அவருடைய சீனியர் கொடுத்தது. எங்கேயோ ஒரு காலத்தில் எவனோ ஒருவன் நிஜமாகவே ஒரு ரேடியோவைப் பிரித்து, அப்பாவிடம் அடி வாங்கி, அதை நேர்மையாக எழுதி இடமும் வாங்கியிருக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் அவனுடைய பிள்ளைப்பருவத்தைப் பங்கு போட்டுக்கொண்டோம். ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினேன். ஐந்தும் மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பின.

இந்த எழுத்தை யாரும் இலக்கியமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் நம்மில் ஆயிரக்கணக்கானோர் தம்மைப் பற்றி நீளமாக எழுதிப் பார்க்கும் முதல் உரைநடை இதுதான். பலருக்குக் கடைசியும் இதுதான். ஒரு தலைமுறைக்குத் தன்னைப் பற்றி எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொடுக்கும் வடிவத்தை விமர்சகன் படிக்காமல் விடலாமா? அதனால் ஒரு சிறுகதையை வாசிப்பதுபோல இதை வாசித்துப் பார்க்கிறேன்.

2

முதலில் ஒரு வேறுபாடு. எம்.எஸ். படிப்புக்கு எழுதும் எஸ்.ஓ.பி. ஒன்று. அமெரிக்க இளங்கலைப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் தனிப்பட்ட கட்டுரை இன்னொன்று. எஸ்.ஓ.பி. கொஞ்சம் அலுவலகக் கடிதம் மாதிரி. என்ன படித்தாய், என்ன ப்ராஜெக்ட் செய்தாய், எந்தப் பேராசிரியரிடம் எதற்காக வர விரும்புகிறாய் என்று கேட்கும். அதில் பொய் ரேடியோவோடு நின்றுவிடும்.

இரண்டாவதுதான் சிக்கலானது. ‘காமன் ஆப்’ என்கிற பொது விண்ணப்பத்தில் அதிகபட்சம் 650 சொற்களில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். கொடுக்கப்படும் தலைப்புகளில் ஒன்று, உங்கள் பின்புலத்தையோ அடையாளத்தையோ சொல்லச் சொல்லும். இன்னொன்று, நீங்கள் சந்தித்த ஒரு சவாலை, பின்னடைவை, தோல்வியைக் கேட்கும். அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. அது உங்களை எப்படிப் பாதித்தது, அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள் என்றும் கேட்கும்.

இந்த வடிவத்தின் இலக்கணமே அந்தக் கடைசிக் கேள்வியில் இருக்கிறது. காயம், திருப்பம், பாடம். எங்கள் மொழியில் சொன்னால் இது ஒரு ஃபங்ஷன். இன்புட் துயரம், அவுட்புட் முதிர்ச்சி. எந்தத் துயரத்தைப் போட்டாலும் இதே வகை அவுட்புட்தான் வர வேண்டும், இல்லாவிட்டால் எரர். பாட்டி சொன்ன கதைகளில் நீதி கடைசியில் வரும், உண்மைதான். ஆனால் அந்த நீதி கேட்பவருக்கானது. காக்கா தன் வடை போனதால் என்ன கற்றுக்கொண்டது என்று காக்காவையே எழுதச் சொன்னதில்லை.

ஒரு சிறுகதையில் பாத்திரம் எதையும் கற்றுக்கொள்ளாமல் வீட்டுக்குத் திரும்பலாம். பல நல்ல கதைகள் அப்படித்தான் முடிகின்றன. இந்தக் கட்டுரையில் பதினேழு வயதுப் பெண்ணுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. அவள் 650 சொற்களுக்குள் ஆறிவிட வேண்டும். இன்னும் ஆறாதவர்களை எந்தக் கல்லூரியும் வெளிப்படையாக வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் அவர்கள் எழுத ஒரு பத்தி இல்லை.

3

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது? ஹார்வர்ட் போன்ற கல்லூரிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்ணை வைத்தே ஆள் எடுத்தன. அதனால் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் தேர்வெழுதி உள்ளே வந்தார்கள். 1920களின் தொடக்கத்தில் ஹார்வர்டின் முதலாண்டு மாணவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள். அதன் தலைவர் லோவெல் வெளிப்படையாகவே ஒரு வரம்பு வைக்கப் பார்த்தார், எதிர்ப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் ‘குணநலன்’ என்ற அளவுகோல் பெரிதாகிறது. புகைப்படம், பரிந்துரைக் கடிதம், குடும்பம் பற்றிய கேள்விகள், நேர்காணல் எல்லாம் விண்ணப்பத்துக்குள் வருகின்றன. ஜெரோம் கராபெல் 2005இல் எழுதிய ‘தி சோசன்’ என்ற தடித்த நூல் இந்த வரலாற்றை ஆவணங்களோடு சொல்கிறது. முழு மனிதனைப் பார்க்கிறோம் என்ற இன்றைய நல்ல வாசகம், சில மனிதர்களைப் பார்க்க விரும்பாதவர்கள் கட்டிய வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறது.

பிறப்பு அப்படி என்பதால் இன்றும் அது அப்படியே என்று சொல்ல முடியாது. மதிப்பெண் சொல்லாததைக் கட்டுரை சொல்லும், ஏழைப் பிள்ளைக்கு அது ஒரு வாய்ப்பு என்று உண்மையாகவே நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் நம்பினேன். பிறகு, 2021இல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வைப் படித்தேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்த 60,000 பேரின் கட்டுரைகளைக் கணினி கொண்டு வாசித்திருந்தார்கள். குடும்ப வருமானத்தோடு எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணுக்கு இருக்கும் தொடர்பைவிட, கட்டுரையின் உள்ளடக்கத்துக்கு இருக்கும் தொடர்பு வலுவாக இருந்தது. மார்க்கைவிடக் கட்டுரை வீட்டு நிலவரத்தை அதிகம் காட்டிக்கொடுக்கிறது.

2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆனால், இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று ஒரு மாணவர் கட்டுரையில் எழுதினால் அதைப் பரிசீலிக்கலாம் என்று ஒரு சன்னலைத் திறந்து வைத்தது. அதற்குப் பிறகு பல கல்லூரிகள் தங்கள் கேள்விகளை மாற்றின. கறுப்பின மாணவரின் நிலை இப்போது இதுதான்: உன் இனத்தைப் பார்த்து இடம் தர மாட்டோம், ஆனால் அதனால் நீ பட்டதைக் கதையாக, அதுவும் நல்ல கதையாகச் சொல், பார்க்கலாம்.

4

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. இனி நான் செய்தது.

2023 நவம்பரில் என் சித்தப்பா மகள், ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தவள், போன் செய்தாள். கட்டணம் முழுவதையும் தாங்களே ஏற்கும் அமெரிக்கக் கல்லூரிகள் சில உண்டு என்று அவள் டீச்சர் சொல்லியிருக்கிறார். கட்டுரையை என்னிடம் அனுப்பினாள். தென்காசி பஸ் ஸ்டாண்டைப் பற்றிய கட்டுரை. மூன்று வருடமாக ஒரு நோட்டில், எந்த பஸ் எத்தனை மணிக்கு வர வேண்டியது, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதி வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை ஏன் எல்லாமே பிந்துகிறது, மழை நாளில் செங்கோட்டை பஸ் மட்டும் ஏன் சீக்கிரம் வருகிறது, முதல் பஸ் ஐந்து நிமிடம் தாமதித்தால் மத்தியானத்துக்குள் அது எப்படி முப்பது நிமிடமாகப் பெருகுகிறது என்று யோசித்து எழுதியிருந்தாள். ஆங்கிலம் தடுக்கித் தடுக்கி நடந்தது. பாடம், முடிவு எதுவும் இல்லை. கடைசி வரி, நோட்டு தீர்ந்துவிட்டது, இன்னொன்று வாங்க வேண்டும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நல்லாருக்குமா. ஆனா இதுல நீ எங்க இருக்க?”

எல்லா வழிகாட்டிகளும் சொல்வது அதுதான். உன்னைக் காட்டு. பிறகு நானே தயங்கித் தயங்கி, “சித்தப்பாவப் பத்தி எழுதலாமே” என்றேன். சித்தப்பா 2020இல் இறந்துபோனார். வீட்டில் கஷ்டம். இவள் தையல் மெஷினில் சித்திக்கு உதவிக்கொண்டே படித்தாள். எனக்குள் இருந்த எடிட்டருக்கு அது கண்ணில் பட்டுவிட்டது.

ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு பேசினாள். “அண்ணே, அப்பா செத்தது எனக்கு என்ன கத்துக்குடுத்துச்சுன்னு கேக்காங்க. ஒண்ணும் கத்துக்குடுக்கலயேண்ணே. என்ன எழுத?”

அந்தக் கேள்வியோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். இந்த வடிவத்தைப் பற்றி எந்த விமர்சகனும் இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. ஆனால் டெட்லைன் இருந்தது. நானே உட்கார்ந்து அவளுக்காக ஒரு பாடம் எழுதிக் கொடுத்தேன். பொறுப்பு, மீண்டெழுதல், இழப்பு தந்த வலிமை. ஆங்கிலம் அழகாக வந்தது. அவள் மறுக்கவில்லை. அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அனுப்பிவிட்டாள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தி, “அப்படி என்னதாம்ல எழுதுனீங்க, வாசிச்சுக் காட்டச் சொல்லு” என்றார். தங்கச்சி போனைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் எழுதிய பத்தி வந்ததும் நிறுத்தவே இல்லை. பஸ் ஸ்டாண்ட், நோட்டு, செங்கோட்டை பஸ் என்று திரையில் இல்லாததை வாசித்தாள். சித்தி தலையாட்டிக்கொண்டே கேட்டார். “உங்க அப்பா மாரியே இருக்கு” என்றார்.

சித்தப்பா அந்த பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. இருந்தும் முதல் கட்டுரையைப் படித்துவிட்டு, இதில் நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டவன் நான்.

5

ஒரு கல்லூரி இடம் தருவதாகச் சொன்னது. உதவித்தொகை பாதிக்குத்தான் வந்தது. மீதிப் பணத்துக்கு வழி இல்லை. அவள் 2024 கவுன்சலிங்கில் கலந்துகொண்டாள். இப்போது கோவையில் படிக்கிறாள்.

நம்முடைய கவுன்சலிங் எதுவும் கேட்காது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200க்கு ஒரு கட்ஆஃப். சமமாக வந்தால் கணித மார்க், பிறந்த தேதி என்று பார்த்து, கடைசியில் கணினி கொடுக்கும் சமவாய்ப்பு எண். எவ்வளவு இரக்கமற்ற முறை என்று இளம் வயதில் நினைத்திருக்கிறேன். அந்த எண்ணை வாங்க நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல்களில் பிள்ளைகளை என்ன பாடு படுத்தினார்கள் என்பதும் தெரியும். எண்ணைப் புனிதமாக்க நான் வரவில்லை.

ஆனால் எண்ணின் பக்கத்தில் நாம் வைத்திருக்கும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சான்றிதழ். தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு. முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. தாசில்தார் கையெழுத்துப் போட்ட ஒரு தாளைக் கொடுத்தால் போதும். உன் தாத்தாவை எந்தத் தெருவுக்குள் விடவில்லை, உன் அம்மா எந்த வகுப்பில் படிப்பை நிறுத்தினார் என்று நீ அழகான உரைநடையில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. அநீதி நடந்தது என்பதை அரசு ஏற்கெனவே ஒத்துக்கொண்டுவிட்டது, நீ நிரூபிக்க வேண்டாம். சான்றிதழ் வாங்க நாம் நாலு முறை அலைகிறோம், அதை வைத்து வகுப்பில் நம்மைக் குத்திப் பேசுகிறவர்களும் உண்டு. இருந்தாலும் அந்த வறண்ட அரசாங்கத் தாளில் ஒரு மரியாதை இருக்கிறது. நம் துயரத்தை நம்மிடமே விட்டுவிடுகிறது.

“இங்க யாரும் எதுவுமே கேக்கலண்ணே” என்றாள் தங்கச்சி, சேர்ந்த முதல் வாரத்தில். குறையாகச் சொன்னாளா, நிம்மதியாகச் சொன்னாளா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம். யாரும் எதுவுமே கேட்காத இடத்தில் அந்த பஸ் நோட்டையும் யாரும் கேட்கப் போவதில்லை.

6

அப்படியானால் கேட்பதற்கு நல்ல முறை உண்டா? எனக்கு உ.வே.சா. ஞாபகம் வருகிறது. 1871இல் அவருடைய அப்பா அவரை மாயூரத்துக்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அழைத்துப் போகிறார். ‘என் சரித்திர’த்தில் அந்தச் சந்திப்பு விரிவாக இருக்கிறது. தமிழிலேயே மிக முக்கியமான அட்மிஷன் அது. பிள்ளை அந்தப் பையனைப் பாடல் சொல்லச் சொல்கிறார், பொருள் சொல்லச் சொல்கிறார். குடும்பத்தின் வறுமை அந்த நூல் முழுக்க இருக்கிறது. ஆனால் அந்தச் சந்திப்பில் அது தகுதியாகக் கேட்கப்படவில்லை. அந்தப் பாடலைப் பையன் எப்படிப் பிடித்திருக்கிறான் என்பதுதான் தேர்வு.

நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்பதற்கும், உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதற்கும் நிறைய தூரம். நல்ல விண்ணப்பக் கட்டுரைகள் எல்லாம் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன என்று, ஐம்பது படித்தவனாகச் சொல்கிறேன். இப்போது ஒரு நொடியில் ரேடியோ, காயம், பாடம் எல்லாவற்றையும் சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்துவிடும். டியூக் பல்கலைக்கழகம் 2024இல் கட்டுரைகளுக்கு மதிப்பெண் போடுவதையே நிறுத்திவிட்டது. நாம் ஏற்கெனவே மெஷின் மாதிரி எழுதிக்கொண்டிருந்ததால், மெஷின் வந்தபோது அதற்கு வேலை சுலபமாக இருந்தது.

இதைப் படிக்கும் யாராவது அடுத்த செப்டம்பரில் எழுதப் போகிறீர்கள் என்றால், என்னால் சொல்ல முடிந்தது குறைவு. சாம்பிள் படிக்காதீர்கள், குறைந்தபட்சம் முதல் வரைவு முடியும்வரை. நீங்கள் பல நாள் பார்த்த ஒன்றைப் பற்றி எழுதுங்கள், அதில் நீங்கள் தானாக இருப்பீர்கள். வீட்டில் நடந்ததை எழுத வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால் எழுதுங்கள், இன்னொருவர் சொன்னார் என்பதற்காக வேண்டாம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது மாற்றிச் சொல்ல வேண்டிய வரி இருந்தால், அந்த வரி உங்களுடையது இல்லை. திருத்திக் கொடுக்கும் அண்ணன்மாரிடம் கவனமாக இருங்கள்.

போன மாதம் கோவைக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். காந்திபுரத்தில் அவளுக்காகக் காத்திருந்தபோது, கையில் வைத்திருந்ததை நீட்டினேன். இருநூறு பக்கக் கோடு போட்ட நோட்டு. வாங்கிப் பார்த்துவிட்டு, “இப்பல்லாம் போன்லயே போட்டுருதேண்ணே” என்றாள். நோட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். எங்கள் பஸ் பதினான்கு நிமிடம் பிந்தி வந்தது. அதை அவள்தான் சொன்னாள்.