சவாரி அரை மணி, தீனி நாள் முழுக்க

சரிவு மேடையின் உச்சியில் சக்கர நாற்காலி நிற்கிறது. மேடையை ஒட்டினாற்போல் குதிரை. அதன் முகத்துக்கு நேரே ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறார். மூளை முடக்குவாதம் உள்ள எட்டு வயதுப் பையனை இரண்டு பேர் தூக்கி முதுகில் உட்கார வைக்கிறார்கள். இறுகிய தொடைகள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொண்டு விரிய மறுக்கின்றன. யாரும் அவசரப்படுத்துவதில்லை. சேணத்துக்குப் பதில் ஆட்டுத்தோல் விரிப்பு. குதிரையின் உடல் மனித உடலைவிடச் சற்றே சூடு. அந்தச் சூடு ஏற ஏறக் கால்கள் மெல்ல இளகி இரு பக்கமும் தொங்குகின்றன. பக்கத்துக்கு ஒருவராக இருவர் பையனின் தொடைமேல் குறுக்கே கையைப் போட்டு விரிப்பின் விளிம்பைப் பற்றிக்கொள்கிறார்கள். "நட" என்று ஒரு சொல். குதிரை நடக்கிறது.

பார்ப்பவர்களுக்குக் கண் கலங்கும். நன்கொடை கேட்கும் துண்டறிக்கைகளின் அட்டையில் இந்தக் காட்சிதான் இருக்கும். ‘இதை நம் ஊரிலும் தொடங்கினால் என்ன?’ என்ற எண்ணம் பலருக்கும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. அமெரிக்காவில் அப்படிப் பிறந்த இலாப நோக்கற்ற மையங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. எண்ணத்தில் குறையில்லை. எந்தப் பெயரில் தொடங்குகிறோம், எதை முதலில் வாங்குகிறோம் என்பதில்தான் சிக்கல்.

முதலில் குதிரைக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடலாம். அது நடக்கும்போது அதன் இடுப்பு மேலும் கீழும், இடமும் வலமும், முன்னும் பின்னும் அசைகிறது. மேலே இருப்பவரின் இடுப்பும் கூடவே அசைந்தாக வேண்டும். மனிதர் நடக்கும்போது இடுப்பு எப்படி அசையுமோ ஏறத்தாழ அதே அசைவு, நிமிடத்துக்கு 100 அடி போல. தன் காலால் ஒரு நாளும் நடந்தறியாத குழந்தையின் இடுப்புக்கு நடை என்றால் என்ன என்று குதிரை சொல்லிக்கொடுக்கிறது. சரியாமல் இருக்க முதுகுத் தசைகள் ஓயாமல் தங்களைத் திருத்திக்கொள்கின்றன. "நிமிர்ந்து உட்கார்" என்று யாரும் அதட்ட வேண்டியதில்லை. பிசியோதெரபி அறையின் மேசையில் இதை உண்டாக்குவது பெரும்பாடு.

இந்தத் துறையின் தலபுராணம் லிஸ் ஹார்ட்டெலிலிருந்து தொடங்கும். டென்மார்க்கைச் சேர்ந்த அவருக்கு 1944-இல், கர்ப்பமாக இருந்தபோது, போலியோ தாக்கியது. அப்போது வயது 23. முழங்காலுக்குக் கீழே இரு கால்களும் செயலிழந்தன. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில்தான் ‘டிரசாஜ்’ எனப்படும் குதிரை நடைப் போட்டியில் முதல்முறையாகப் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஏறவும் இறங்கவும் ஆள்துணை தேவைப்பட்ட ஹார்ட்டெல், ‘ஜூபிலி’ என்ற குதிரைமேல் அமர்ந்து ஆண்களோடு மோதி வெள்ளி வென்றார். நான்கு ஆண்டு கழித்து மீண்டும் வெள்ளி. அந்தச் செய்தி ஐரோப்பாவெங்கும் பரவி, நார்வேயிலும் இங்கிலாந்திலும் குழந்தைகளைக் குதிரையேற்றும் சிறு குழுக்கள் முளைத்தன. 1969-இல் பிரிட்டிஷ் குழுக்கள் சேர்ந்து ‘ரைடிங் ஃபார் தி டிசேபிள்டு அசோசியேஷன்’ ஆயின. அமெரிக்காவில் இன்று ‘பாத் இன்டர்நேஷனல்’ என்று அறியப்படும் அமைப்பும் அதே ஆண்டில் தோன்றியதுதான்.

தலபுராணம் சொல்பவர்கள் ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள். போலியோ வரும் முன்பே ஹார்ட்டெல் டென்மார்க்கின் டிரசாஜ் சாம்பியன். ஆகவே, நோயாளி ஒருவரைக் குதிரை வீராங்கனையாக்கிய கதை அல்ல அது. தேர்ந்த வீராங்கனை ஒருவர் தன் கலையை விட மறுத்த கதை. இரண்டுக்கும் உள்ள தூரம் சிறிதல்ல. முதல் கதையில் குதிரை மருந்து. இரண்டாவதில் அது விளையாட்டு.

மருந்தா, விளையாட்டா என்ற இந்தக் குழப்பம் பெயரிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. உரிமம் பெற்ற பிசியோதெரபிஸ்டோ பேச்சுப் பயிற்சியாளரோ தம் சிகிச்சைக்குள் குதிரையின் அசைவை ஒரு கருவியாகப் பயன்படுத்துவது ஒன்று. அதற்கு ‘ஹிப்போதெரபி’ என்று பெயர். சவாரிப் பயிற்றுநர் ஒருவர் மாற்றுத்திறனாளிக்கு ஏற்றபடி சவாரி கற்றுக்கொடுப்பது வேறொன்று. இரண்டாவதையும் நீண்ட காலம் ‘தெரப்யூட்டிக் ரைடிங்’ என்றே அழைத்துவந்தார்கள். 2021-இல் அமெரிக்க வல்லுநர்கள் கூடி வெளியிட்ட ஓர் ஆவணம் அந்தப் பெயரைக் கைவிட்டு, ‘தகவமைத்த சவாரி’ என்ற பொருளில் ‘அடாப்டிவ் ரைடிங்’ என்று சொல்லும்படி பரிந்துரைத்தது. சிகிச்சையாளர் இல்லாத இடத்தில் சிகிச்சை என்ற சொல் எதற்கு என்பதே அதன் வாதம். பல மையங்களின் பெயர்ப்பலகைகளில் பழைய சொல் இன்னும் அழியாமல் இருக்கிறது. காரணம் எளிது: அந்தச் சொல்லுக்குத்தான் காசோலை வருகிறது.

அந்தச் சொல்லுக்குத் தகுதி உண்டா? ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் மூளை முடக்குவாதம் உள்ள 15 குழந்தைகளில் சிலரை 8 நிமிடம் குதிரைமேலும், மற்றவர்களை 8 நிமிடம் அசையாத பீப்பாய்மேலும் உட்கார வைத்தார்கள். குதிரையில் இருந்தவர்களின் இட, வலத் தசைகள் முன்னைவிடச் சமமாக இயங்கின. பீப்பாயில் இருந்தவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. அழகான சோதனை. ஆனால் 2009-இல் ஆஸ்திரேலியாவில் 99 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் 10 வாரம் சவாரி கொடுத்துப் பார்த்தபோது, மருத்துவ நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. இறங்கியவுடன் தசையை அளந்தால் மாற்றம் தெரிகிறது. பத்து வாரம் கழித்து அன்றாட வாழ்க்கையில் தேடினால் அகப்படுவதில்லை.

ஆட்டிசத்தில் நிலைமை கொஞ்சம் மேல். 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 6 முதல் 16 வயது வரையிலான 127 பேர் இருந்தார்கள். ஒரு பிரிவு சவாரி செய்தது. மற்றொன்று குதிரையைத் தொடாமல் லாயத்திலேயே குதிரை பற்றிய பாடம் படித்தது. சவாரி செய்தவர்களிடம் எரிச்சலும் பரபரப்பும் குறைந்தன, பேசும் சொற்கள் கூடின. மன நோய்களுக்குக் குதிரை தீர்வு என்ற கூற்றோ இன்னும் பலவீனமானது. 2014-இல் 14 ஆய்வுகளை அலசிய ஒரு மதிப்பாய்வு, எதுவுமே முறையியல் குறை இல்லாமல் இல்லை என்று கைவிரித்தது.

இதற்கெல்லாம் பயனில்லை என்று பொருளில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவர் நாள் முழுக்க எல்லோரையும் அண்ணாந்து பார்த்தே பேசுகிறார். குதிரைமேல் ஏறிய கணத்தில் மற்றவர்கள் அவரை அண்ணாந்து பார்க்கிறார்கள். அரை டன் எடையுள்ள ஓர் உயிர் தன் சொல்லுக்கு நிற்கிறது, நடக்கிறது. இதை எந்த அளவுகோலில் அளப்பது? அளக்கத்தான் வேண்டுமா? சாதாரணக் குழந்தை நீச்சல் பழகினால் அது என்ன நோய்க்கு என்று யாரும் கேட்பதில்லை. மாற்றுத்திறனாளிக் குழந்தை குதிரையேறினால் மட்டும் அது சிகிச்சையாக இருந்தே தீர வேண்டும் என்கிறோம். இந்தக் கட்டாயத்தைத் தொடங்குபவர்களே தங்கள் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள். பிறகு நிரூபிக்கச் சொன்னால் திணறுகிறார்கள்.

இனி பணம். அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற அறக்கொடை அமைப்பாகப் பதிவு செய்வது அப்படியொன்றும் மலை புரட்டும் வேலையல்ல. ‘501 (சி) (3)’ பிரிவின்கீழ் படிவம் நிரப்பி, சில நூறு டாலர் கட்டணம் கட்டி, நிர்வாகக் குழுவை அமைத்தால் போதும். கஷ்டம் அதற்கு மறுநாள் காலை தொடங்குகிறது, லாயத்தில்.

450 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்கு 7 முதல் 9 கிலோ உலர்புல் தின்னும், 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும், 20 கிலோ போலச் சாணமும் சிறுநீரும் கழிக்கும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ ஆள் வர வேண்டும். தடுப்பூசி, பல் ராவுதல், நடு இரவில் வயிறு பிடித்துக்கொண்டால் ஓடிவர மருத்துவர். மழை பெய்து வகுப்பு ரத்தானாலும், பள்ளி விடுமுறையில் குழந்தைகள் வராவிட்டாலும் இதில் ஒரு பிடி குறையாது. ஒரு குழந்தைக்கு வாரத்துக்கு அரை மணி. குதிரைக்கு வாரத்துக்கு ஏழு நாள். ஏழைக் குழந்தைகளும் வர வேண்டும் என்று கட்டணத்தைத் தாழ்த்தி வைப்பதால், வசூலாவது செலவில் ஒரு பகுதிதான். மிச்சம் நன்கொடை. பெயர் பொறித்த சரிவு மேடைக்கும் கூரை போட்ட மைதானத்துக்கும் கொடையாளர் கிடைப்பார். புல்லுக்குக் கிடைப்பது அரிது. கொள் என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்பார்களே, இங்கே கொடையாளர் விஷயத்தில் பழமொழி தலைகீழாகிவிடுகிறது.

ஆள் பலமும் இப்படித்தான். தானே நிமிர்ந்து உட்கார முடியாத ஒருவருக்குக் கயிறு பிடிக்க ஒருவர், பக்கவாட்டில் இருவர் என மூன்று பேர் வேண்டும். நான்கு பேர் கொண்ட வகுப்புக்குப் பன்னிரண்டு தொண்டர்கள், மேலே ஒரு பயிற்றுநர். சனிக்கிழமை காலையில் பன்னிரண்டு பேரில் மூன்று பேர் வராவிட்டால் ஒரு குழந்தை மேடையருகே வந்து திரும்பிப் போகும். தொண்டர்களை நம்பியிருப்பதே இந்த அமைப்பின் அழகும் ஆட்டமும். மருத்துவமனையில் கிடைக்காத நட்பு இங்கே குழந்தைகளுக்குக் கிடைக்கிறது. பக்கத்தில் நடக்கும் கல்லூரி மாணவிக்கும் ஓய்வுபெற்ற தபால்காரருக்கும் உலகம் கொஞ்சம் விரிகிறது. ஆனால் தொடையைப் பிடிக்கும் கை பழகிய கையாக இருக்க வேண்டும். குதிரை திடுக்கிட்டு ஓரடி விலகும்போது பயிற்சியில்லாத கை, பிள்ளையை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடிக்கும்.

விழுந்தால்? அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் குதிரைச் சவாரியில் இயல்பாகவே உள்ள ஆபத்துகளுக்கு மையம் பொறுப்பல்ல என்று சட்டம் உண்டு; வாசலில் அந்த வாசகத்தோடு பலகை மாட்டியிருப்பார்கள். பொருத்தமில்லாத குதிரையைக் கொடுத்தது, பழுதான சேணத்தை மாட்டியது போன்ற கவனக்குறைவுக்கு அந்தப் பலகை கேடயமாகாது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாக, விபத்துக்குப் பின் வரும் வழக்கு மையத்தையே புதைத்துவிடும். அதனால் காப்பீடு இல்லாமல் கதவு திறக்கக் கூடாது.

யாரை ஏற்றக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளின் இணைப்பு தளர்ந்திருக்கும். அவர்களுக்குக் குதிரையின் குலுக்கல் தண்டுவடத்தையே பாதிக்கலாம். கட்டுக்குள் வராத வலிப்பு, நழுவிய இடுப்பு மூட்டு, கடுமையான முதுகு வளைவு எல்லாம் இதே பட்டியலில் சேரும். மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் நல்ல மையம் எவரையும் மேடையேற்றாது. ஆசையாக வந்த தாயிடம் முடியாது என்று சொல்வது தொண்டு நிறுவனத்துக்குக் கசப்பான வேலைதான்.

அதைவிடக் கசப்பானது எடைக் கணக்கு. 2008-இல் வெளியான ஓஹியோ ஆய்வு ஒன்றில், சவாரிக்காரரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டி 25, 30 ஆனபோது குதிரைகளின் தசைகள் வலியைக் காட்டின. 450 கிலோ குதிரைக்கு 90 கிலோவே உச்சம். சமநிலை இல்லாமல் ஒரு பக்கம் சரிபவரின் எடை இன்னும் அதிகமாக உறுத்தும். ஆக, ஆறு வயதில் சவாரியைத் தொடங்கிய குழந்தை பதினேழு வயதில் உடல் பருத்ததும் போதும் என்று நிறுத்தப்படுகிறது. அதற்குள் அவனுடைய நண்பர்கள் எல்லாம் லாயத்தில்தான் இருப்பார்கள். பிரிட்டனில் சில குழுக்கள் சக்கர நாற்காலியோடு ஏறும் குதிரை வண்டி ஓட்டப் பயிற்சி தருவது இதற்கு ஓரளவு பதில்.

குதிரைகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். புது மையம் என்று தெரிந்ததும் இனாமாகக் குதிரை தர ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். தருவது பெரும்பாலும் நொண்டியதை, கிழத்தை, பந்தயத்தில் ஓடிக் களைத்ததை. நல்ல நோக்கத்துக்கு இலவசக் குதிரை! யானையைக் கட்டித் தீனி போடும் கதைதான். இந்த வேலைக்கு வேண்டியது, காதோரம் சக்கர நாற்காலி உரசினாலும் பிள்ளை திடீரென்று அலறினாலும் அசையாமல் நிற்கும் நடுவயதுக் குதிரை. அப்படிப்பட்டதை யாரும் இனாமாகத் தருவதில்லை.

அதனால் முதல் ஆண்டில் குதிரையே வாங்காமலிருப்பது புத்திசாலித்தனம். பிரிட்டனில் இன்று 400-க்கும் மேற்பட்ட குழுக்கள் இயங்குகின்றன; அவற்றில் பலவற்றுக்குச் சொந்தக் குதிரை கிடையாது. ஏற்கெனவே நடக்கும் சவாரிப் பள்ளியில் வாரத்துக்குச் சில மணி நேரம் குதிரைகளை வாடகைக்கோ தயவிலோ வாங்கிக்கொள்கிறார்கள். தீனி பள்ளிக்காரர் பாடு, தொண்டர்களைத் திரட்டுவது குழுவின் பாடு. ஆறு மாதம் அப்படி ஓட்டினால் பன்னிரண்டு பேர் தவறாமல் வருவார்களா என்பது தெரிந்துவிடும்.

தமிழ் பேசப்படும் ஊர்களில் சிங்கப்பூருக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. அங்கே 1982 முதல் இதற்கென ஒரு சங்கம் இயங்குகிறது, சவாரிக்குக் கட்டணம் வாங்குவதில்லை. அந்த நாட்டுக்கு 2008 பெய்ஜிங் பாராலிம்பிக்கில் பதக்கங்களை வென்று தந்தவர்களில் ஒருவர் குதிரைக்காரர். மூளை முடக்குவாதமும் செவித்திறன் குறைபாடும் உள்ள லாரென்ஷியா டான், லண்டனில் வளர்ந்தவர். ஐந்து வயதில் பிசியோதெரபியின் ஒரு பகுதியாகக் குதிரையேறியவர். ஹார்ட்டெலின் கதைக்கு நேர்மாறு: இங்கே சிகிச்சை என்று தொடங்கியது விளையாட்டாகி, முதலில் வெண்கலமும் பின்னர் வெள்ளியும் ஆனது. ஆனாலும் பதக்க மேடையில் அவரை நிறுத்தியது டிரசாஜில் அவருக்கிருந்த தேர்ச்சி.

புதிதாகத் தொடங்குபவர்களின் திட்ட அறிக்கைகளில் அநேகமாக விடுபட்டுப்போகும் ஒரு வரி உண்டு. குதிரை 25, 30 வயது வரை வாழும். குழந்தைகளைச் சுமந்த முதுகு இருபதுக்கு மேல் தளரும். தினமும் கடிவாளத்தைக் கடித்து, காதைப் பின்னுக்குச் சாய்த்து, ஏறும் மேடையருகே வர மறுத்து அது தன் மொழியில் சொல்லத் தொடங்கும். அதற்குப் பிறகும் ஐந்தோ பத்தோ ஆண்டு அதே 9 கிலோ புல், அதே 25 லிட்டர் தண்ணீர், அதே குளம்புச் செலவு. அதன் முதுகில் குழந்தை இருக்காது. அட்டைப் படத்துக்கும் அது உதவாது. அந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவது என்பதை முதல் நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிய பிறகே முதல் குதிரைக்குக் கயிறு வாங்க வேண்டும்.