பேச இடம் உண்டு, பேச்சு போய்ச் சேர்கிறதா?

கொல்கத்தாவின் தென்மேற்கே, ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கிறது கார்டன் ரீச். பழைய பெங்கால் நாக்பூர் ரயில்வே தன் தலைமையகத்தை இங்கேதான் வைத்திருந்தது. 1955-ல் உருவான தென்கிழக்கு ரயில்வேக்கும் இதுவே தலைமையிடம். அக்கரையில் ஷாலிமாரில் புறப்பட்டுச் சென்னைக்கு வரும் கோரமண்டல் எக்ஸ்பிரஸின் பயணம் இந்த மண்டலத்தின் தண்டவாளத்தில்தான் தொடங்குகிறது. வேலை செய்யும் இடத்தில் மனம் திறந்து பேசினால் வெற்றி வரும் என்று நிர்வாகப் பயிற்சிகளில் ஓயாமல் சொல்கிறார்கள். அது எந்த அளவுக்கு உண்மை, எங்கே பொய்த்துப்போகிறது என்பதை எடைபோட இந்த ஒரு தலைமையகத்தின் வரலாறே போதும்.

முதலில் வரவுப் பக்கத்தைப் பார்ப்போம். 1927-ல் கரக்பூர் பணிமனைத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தபோது பெங்கால் நாக்பூர் ரயில்வே ஊழியர்களின் தலைவராக முன்னின்றவர் வி.வி.கிரி. பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான அதே கிரிதான். 1952-ல் மத்தியத் தொழிலாளர் அமைச்சரானபோது, தகராறுகளைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைவிட இரு தரப்பும் உட்கார்ந்து பேசித் தீர்ப்பதே மேல் என்று அவர் வாதாடினார். தொழிலுறவு நூல்களில் அதற்குக் ‘கிரி அணுகுமுறை’ என்றே பெயர். களத்தில் நின்று வேலைநிறுத்தத்தின் விலையை அறிந்தவரின் வாதம் அது.

அதே 1952-ன் தொடக்கத்தில் ரயில்வேயில் நிரந்தரப் பேச்சுவார்த்தை அமைப்பு நடைமுறைக்கு வந்தது. ஊழியர்கள் பேச்சுவழக்கில் இது ‘பி.என்.எம்’. அங்கீகாரம் பெற்ற சங்கம் பொருள்பட்டியலை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். கோட்டத்தில் கோட்ட மேலாளரும், மண்டலத்தில் பொது மேலாளரும் குறிப்பிட்ட இடைவெளியில் சங்கத்தோடு அமர்ந்து ஒவ்வொன்றாகப் பேச வேண்டும். அங்கே முடியாதது ரயில்வே வாரியத்துக்குப் போகும். அதிகாரியின் தயவை நம்பிக் கதவைத் தட்டும் நிலையை மாற்றி, பேசுவதை ஊழியரின் உரிமையாக்கியதுதான் இந்த ஏற்பாட்டின் பெரும் பலம். குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுவதிலிருந்து ஓய்வறை வசதி வரை எல்லாம் கூட்டக் குறிப்பில் ஏறும். குறிப்பில் ஏறிய ஒன்றை அடுத்த கூட்டத்தில் ‘என்ன ஆயிற்று’ என்று கேட்கலாம். எந்தச் சங்கம் பேசுவது என்பதையும் 2007 முதல் ஊழியர்களே ரகசிய வாக்கெடுப்பில் முடிவு செய்கிறார்கள்.

இனி பற்றுப் பக்கம். மேசை இருந்தும் எல்லோருக்கும் நாற்காலி இல்லை. லோகோ பைலட்டுகள், ஸ்டேஷன் மாஸ்டர்கள் போன்ற தனிப்பிரிவினரின் சங்கங்களுக்கு இந்த அமைப்பில் அங்கீகாரம் கிடையாது. பல்வேறு பிரிவினரைத் திரட்டிய பெரிய சங்கங்களே பேச முடியும். சங்கங்கள் சிதறிப்போகாமல் இருக்க இதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. இன்ஜின் ஓட்டுநர்களின் வேலை நேரம் 10 மணி என்ற உறுதிமொழி 1973 ஆகஸ்டில் பேச்சு மேசையிலிருந்து வரவில்லை. அங்கீகாரமில்லாத லோகோ ஊழியர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தே அதைப் பெற்றது. அடுத்த ஆண்டு மே மாதம் வேலைநிறுத்தத்தால் நாடு முழுக்க ரயில்கள் நின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேல் பேச்சு மேசை இருந்தும் அந்தக் கொந்தளிப்பைத் தடுக்க அதனால் முடியவில்லை. இன்று தண்டவாளத்தில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அங்கே இடமில்லை.

இதைவிட ஆழமான குறை ஒன்றை பாஹாநகா பஜார் காட்டியது. 2023 ஜூன் 2 மாலை, ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் உள்ள அந்த நிலையத்தில் கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் போகப் பச்சை விளக்கு எரிந்தது. ரயிலைத் தடம் மாற்றும் பாயிண்டோ பக்கத்து லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே நின்ற சரக்கு ரயிலில் எக்ஸ்பிரஸ் மோத, தடம்புரண்ட பெட்டிகளில் எதிரே வந்த யஷ்வந்த்பூர்–ஹவுரா ரயிலும் சிக்கியது. 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த நிலையம் கார்டன் ரீச்சின் ஆளுகையில், கரக்பூர் கோட்டத்தில் இருக்கிறது.

இந்த விபத்தை விசாரித்த ரயில் பாதுகாப்பு ஆணையரின் அறிக்கையை, எச்சரிக்கை போய்ச் சேர்ந்ததா என்ற கோணத்தில் படிக்க வேண்டும். லெவல் கிராசிங் கேட் அருகிலுள்ள சிக்னல் பெட்டிக்குள் கம்பிகளின் பெயர்க்குறி பல ஆண்டுகளாகத் தவறாகவே இருந்தது. கேட்டின் தடுப்பை மாற்றும் வேலைக்கு, அந்த நிலையத்துக்கென ஒப்புதல் பெற்ற சுற்று வரைபடம் தரப்படவில்லை. பாயிண்டுகள் வழக்கத்துக்கு மாறாக மீண்டும் மீண்டும் நடந்துகொண்டதை நிலையத்திலிருந்து சிக்னல் பிரிவுக்குச் சொல்லியிருந்தால் சரிசெய்திருக்கலாம் என்கிறது அறிக்கை. எல்லாவற்றுக்கும் மேலாக, 2022 மே 16 அன்று அதே கோட்டத்தின் பாங்க்ரா நயாபாஜ் நிலையத்தில் தவறான கம்பி இணைப்பால் சிக்னல் ஒரு வழியும் ரயில் வேறு வழியுமாகப் போயிருக்கிறது. அப்போதே இந்தக் குறையைக் களைந்திருந்தால் பாஹாநகா விபத்து நடந்திருக்காது என்று அறிக்கை திட்டவட்டமாகச் சொல்கிறது.

ஒரே கோட்டத்தில், ஓராண்டு இடைவெளியில் நடந்தவை இவை. எச்சரிக்கை ஏற்கெனவே கைக்கு வந்திருந்தும் அது அடுத்த நிலையத்தின் பெட்டியைத் திறந்து பார்க்க வைக்கவில்லை. கர்நாடகத்தின் ஹொசதுர்கா ரோடு நிலையத்தில் 2023 பிப்ரவரியில் இதையொத்த தவறு நேர்ந்தபோது லோகோ பைலட் கவனித்து ரயிலை நிறுத்தினார். மறுநாளே தென்மேற்கு ரயில்வேயின் மூத்த அதிகாரி ஒருவர் எழுத்தில் எச்சரித்தார். நான்கு மாதம் கழித்து பாஹாநகா நடந்தது. பேசுவது பாதி வேலைதான். பேசியதைக் கோட்டம் தாண்டி, பிரிவு தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மறுபாதி. நம் பேச்சு மேசைகள் சம்பளம், பதவி உயர்வு, வசதி ஆகியவற்றைக் கேட்கப் பழகிய அளவுக்குத் தவறுகளைக் கேட்கப் பழகவில்லை.

தவற்றைச் சொல்வதில் இன்னொரு தடையும் உண்டு. ‘சொன்னவன் தலையில்தான் விடியும்’ என்பது எந்த அலுவலகத்திலும் கேட்கும் பேச்சு. குற்றப்பத்திரிகைக்கும் இடமாற்றத்துக்கும் பயப்படுகிறவரிடம் மனம் திறக்கச் சொல்வது வெறும் உபதேசம். இதற்கு விமானத் துறை ஒரு வழி கண்டது. 1976 முதல் அமெரிக்காவில் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் தங்கள் தவறுகளை நாசா நடத்தும் அமைப்புக்கு எழுதித் தெரிவிக்கலாம். தண்டிக்கும் அதிகாரம் ஓரிடத்திலும் கேட்கும் காது வேறிடத்திலும் இருக்கிறது. வேண்டுமென்று செய்யாத தவற்றைப் பத்து நாளுக்குள் சொன்னவருக்குத் தண்டனையிலிருந்து பாதுகாப்பும் உண்டு. சொல்பவரின் துணிச்சலை நம்பாமல் ஏற்பாட்டை நம்புவதால்தான் அது நிலைத்திருக்கிறது.

பள்ளிகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் தீப்பற்றி 94 குழந்தைகளைப் பலிகொண்ட பள்ளியின் கீற்றுக்கூரை யார் கண்ணிலும் படாமல் மறைந்திருக்கவில்லை. அதைக் கேள்வி கேட்கப் பெற்றோருக்குச் சட்டம் கொடுத்த இருக்கை அன்று இல்லை. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கொண்டுவந்தது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நல்ல தொடக்கம்தான். ஆனால் 2012 திருத்தத்தின்படி உதவிபெறும் பள்ளிகளில் அந்தக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். உதவிபெறாத தனியார் பள்ளிகளுக்கு அந்தக் கட்டாயமே இல்லை. கும்பகோணத்தில் எரிந்தது தனியார் நிர்வாகத்தில் நடந்த பள்ளி என்பதை நினைத்தால் இந்த ஓட்டையின் அளவு புரியும். மாணவர்களுக்கோ இந்தக் குழுவில் உறுதியான இடம் இல்லை. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பது முதலில் தெரிவது அவர்களுக்குத்தானே?

கலந்துரையாடலுக்கு அதனளவிலும் வரம்பு இருக்கிறது. சிவப்பு விளக்கின் முன் விவாதம் கூடாது, நிற்க வேண்டும். தேர்வறையிலும் அறுவை அரங்கிலும் அப்படித்தான். விதியை வகுக்கும் முன்பும், விதி தவறிய பின்பும்தான் பேச்சுக்கு இடம். எல்லோரும் கூடி எடுத்த முடிவு என்ற போர்வையில் யாருமே பொறுப்பேற்காமல் நழுவுவதும் நடக்கும். உரக்கப் பேசுபவர் கூட்டத்தைக் கைப்பற்ற, விஷயம் தெரிந்தவர் வாய் மூடியிருப்பதும் நடக்கும்.

ஆகவே ஒரு நிறுவனத்தில் பேச்சுச் சுதந்திரம் இருக்கிறதா என்று அளக்க, அங்கே எத்தனை கூட்டம் நடந்தது என்று எண்ணிப் பயனில்லை. மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். குறையைக் கையால் தொட்டுப் பார்ப்பவருக்கு மேசையில் இடம் உண்டா? தன் தவற்றைத் தானே சொன்னவர் மறுமாதமும் அதே வேலையில் நிம்மதியாக இருக்கிறாரா? ஓரிடத்தில் தெரிந்தது எத்தனை நாளில் மற்ற இடங்களுக்குப் போய்ச் சேர்கிறது? கார்டன் ரீச்சின் வரலாறு முதல் கேள்விக்குப் பாதி விடை தந்திருக்கிறது. உரிமைக்காகப் பேசும் மேசையைப் போராடி வாங்கிய தொழிலாளர்களின் சாதனை சிறியதல்ல. அதே மேசையில் பாதுகாப்பை முதல் பொருளாக வைக்க வேண்டும். லோகோ பைலட்டையும் சிக்னல் ஊழியரையும் ஒப்பந்தத் தொழிலாளியையும் அழைத்து உட்கார வைக்க வேண்டும். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் பொறுப்பாளர் ஒருவரும் கெடு தேதியும் குறிப்பில் ஏற வேண்டும். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அங்கிருந்துதான் தொடங்கும்.