கட்டியவர் யார்? – சங்கரநயினார் கோயிலும் கட்டடத் தோற்றக் கொள்கைகளும்

1. வினா

தமிழகத்தின் பழம்பெருங் கோயில்களையும் மாளிகைகளையும் கண்டு வியப்போர் உள்ளத்தே முதற்கண் எழும் வினா, 'இவற்றைக் கட்டியவர் யார்?' என்பதாம். இதற்குக் காலந்தோறும் பல்வேறு விடைகள் கூறப்பட்டு வந்துள்ளன. தெய்வத் தச்சனாகிய மயன் வகுத்தான் என்பர் ஒரு சாரார். பூதங்கள் ஓரிரவிற் கட்டின என்பர் ஊர்மக்கள். யவனரிடம் கற்ற கலை என்பர் சென்ற நூற்றாண்டுகளின் மேனாட்டாருட் சிலர். கடல்கொண்ட குமரிநிலத்து மக்களின் எச்சம் என்பர் நம்மவருட் சிலர். அண்மைக் காலத்தே, வேற்றுலகத்தார் செய்தனர் என்றும், மறைந்தொழிந்த பேரரசு ஒன்றன் மக்கள் செய்தனர் என்றும் கூறுவாரும் தோன்றியுள்ளனர்.

இக்கொள்கைகளை ஒருங்கு வைத்து ஆராய்தற்குத் தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில் ஏற்றதோர் இடமாகும். ஆண்டுத் தலபுராணக் கதை உண்டு. ஒன்பது நிலைக் கோபுரம் உண்டு. அதற்குக் கிழக்கே கழுகுமலையில், முற்றுப்பெறாது நின்றமையால் தன் பிறப்பினைத் தானே காட்டும் வெட்டுவான் கோயிலும் உண்டு. இவற்றைத் துணைக்கொண்டு, புராணம் கூறுவது யாது, கொள்கை கூறுவது யாது, கல் கூறுவது யாது என்பவற்றை யாம் முறையே ஆராய்வாம்.

2. புராணம் கூறுவது

சங்கரநயினார் கோயில் எனப் பண்டு வழங்கிய இத்தலத்தின் கதை பலரும் அறிந்ததே. சங்கன், பதுமன் என்னும் நாகவேந்தர் இருவர், சிவபிரான் பெரியரோ திருமால் பெரியரோ என வழக்கிட்டனர். கோமதியம்மை தவமிருந்து வேண்ட, இறைவன் ஒரு பாதி அரனும் ஒரு பாதி அரியுமாகிய சங்கரநாராயணனாய்க் காட்சி தந்தான். பின்னர்ப் புன்னைவனத்தைக் காத்து நின்ற காவற்பறையன் ஆண்டிருந்த புற்றினை வெட்டினான். பாம்பும் இலிங்கமும் வெளிப்பட்டன. அவ்வழிப் போந்த உக்கிரபாண்டியன் அதனை அறிந்து கோயில் எடுப்பித்தான். ஆடித்தவசு விழாவும், புற்றுமண்ணைத் திருமருந்தாகக் கொள்ளும் வழக்கமும் இக்கதையின் வழிவந்தனவாம்.

இக்கதையைக் கட்டட வரலாறாகக் கொள்ளப் புகின் இடர்ப்பாடு மிகும். உக்கிரபாண்டியன் என்னும் பெயர் ஒருவர்க்கே உரியதன்று. அகநானூற்றைத் தொகுப்பித்தவன் கானப்பேரெயில் கடந்த உக்கிரப்பெருவழுதி. திருவிளையாடற் கதைகளில் வருபவன் உக்கிரகுமார பாண்டியன். ஆகலின் பெயர் ஒன்றையே பற்றிக்கொண்டு இக்கோயிலின் காலத்தை அறுதியிட்டுரைத்தல் ஒண்ணாது. புற்றிலிருந்து இறைவன் வெளிப்பட்டான் என்பதும் இத்தலத்திற்கே உரியதன்று. திருவாரூர்ப் பெருமான் புற்றிடங்கொண்டார் எனப்படுகிறார். திருவொற்றியூரிலும் புற்றுருவே வழிபடப்படுகிறது. திருநெல்வேலியிலோ, மூங்கிற் காட்டில் கோடரி பட்டு இலிங்கத்தினின்று குருதி பெருகக் கண்டவன் ஓர் ஆயன். இவை யாவும் ஓரினக் கதைகள்.

ஆயின் இக்கதைகளைப் பொய்யென ஒதுக்குதலும் அறிவுடைமையாகாது. தலபுராணம் விடையிறுக்கும் வினா, 'இவ்விடம் எவ்வாறு புனிதமாயிற்று?' என்பது. 'இக்கல்லை யார் செதுக்கினர்?' என்னும் வினாவை அது எழுப்புவதே இல்லை. எழுப்பாத வினாவிற்கு விடை கூறிற்று என அதன்மேல் ஏற்றுதல் படிப்போர் பிழையேயாம். மேலும், இக்கதை ஒன்றை மறவாது காத்துள்ளது. இறைவனை முதற்கண் கண்டவன் வேந்தன் அல்லன், வனங்காத்த தொழிலாளி. நெல்லையிற் கண்டவன் பாற்குடம் சுமந்த ஆயன். அரசனுக்கு முன்னே உழைப்பாளியை நிறுத்துதல் இப்புராணங்களின் இயல்பு. இதனை நினைவிற் கொள்க; பின்னர் வேண்டப்படும்.

3. மயனும் யவனரும்

மயன் என்னும் பெயர் நம் காப்பியங்களில் வருமிடத்தை நோக்குவாம். புகார் நகரத்து முத்துப்பந்தரும் பட்டிமண்டபமும் தோரணவாயிலும் முறையே வச்சிர, மகத, அவந்தி வேந்தர் தந்தவை எனவும், அவை அவர்தம் முன்னோர்க்கு மயன் வகுத்தளித்தவை எனவும் சிலப்பதிகாரம் கூறும். கம்மியரும் கண்டறியா வேலைப்பாடு என அவற்றின் உயர்வை மிகுத்துரைத்தற்கே இளங்கோவடிகள் மயனைக் கொணர்ந்தார் என்பது எம் கருத்து. இரட்டைக் காப்பியத்துள் மற்றொன்றாகிய மணிமேகலையோ, சோழன் பூம்பொழில் மண்டபத்தைப் பாடுங்கால், மகதத்து மணிவினைஞரும் மராட்டத்துக் கம்மரும் அவந்திக் கொல்லரும் யவனத் தச்சரும் தமிழ்த் தொழில்வல்லாரோடு கூடிச் செய்தமையை விரித்துரைக்கிறது. ஒரே நகரைப் பற்றி ஒரு நூல் புகழ்மொழி கூறிற்று. மற்றொரு நூல் தொழிற்பட்டியல் தந்தது. வரலாறு காண விழைவார் பின்னதனைப் பற்றுதல் வேண்டும்.

யவனத் தச்சர் என்னும் இத்தொடரைக் கண்டு, கலையே யவனர் தந்தது எனின் அதுவும் மிகையாம். 1876இல் தம் பெருநூலை வெளியிட்ட பெர்கூசன், இந்தியாவிற் கற்கட்டடம் அசோகன் காலத்தே கிரேக்கர் தொடர்பால் தோன்றியது என்னும் கருத்தினர். இராசேந்திரலால் மித்திரர் அதனை மறுத்தார். 1884இல் பெர்கூசன் அவரைத் தாக்கி ஒரு தனிநூலே எழுதினார். இவ்வழக்கில் தமிழகத்துக் கல் தரும் சான்று தெளிவானது. மாமல்லபுரத்துத் திரௌபதி இரதம் கூரை வேய்ந்த குடிலின் வடிவே. ஏனைய இரதங்களின் கொடுங்கைகளும் கூடுகளும் மரச்சட்டங்களையும் மூங்கில் வளைவுகளையும் கல்லிற் காட்டுகின்றன. மரத்தையும் செங்கல்லையும் சுதையையும் கையாண்டு பழகிய கை, கல்லைத் தொட்ட பொழுது பழைய வடிவையே செதுக்கிற்று. மண்டகப்பட்டுக் குடைவரையில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி இக்கோயில் செய்யப்பட்டது என மகேந்திரவர்மன் பொறித்தமை, அவனுக்கு முன் கோயில்கள் அப்பொருள்களால் ஆயின என்பதற்குச் சான்று.

அதனினும் பழஞ்சான்று நெடுநல்வாடை. அரண்மனை எடுக்கத் தொடங்குங்கால், நிழல் ஒருபுறமும் சாயாத நண்பகலில் திசை அளந்து, நூலோர் நுணுகிக் கயிறிட்டு, தெய்வத்தை நோக்கி மனை வகுத்தமையை நக்கீரர் கூறுகின்றார். ஆண்டு மயனும் இல்லை; பூதமும் இல்லை. அளவு உண்டு, கயிறு உண்டு, கதிரவன் உண்டு.

4. குமரிநிலமும் மயோனும்

நம்மைப் பெருமைப்படுத்துவன போலத் தோன்றும் கொள்கைகளை ஆராய்தலே அரிது. கடல்கோளைப் பற்றி இறையனார் களவியலுரையும் அடியார்க்கு நல்லாருரையும் கூறுகின்றன. அவற்றுட் சங்கங்களும் நாடுகளும் பேசப்படுகின்றன, கற்கோயில்கள் பேசப்படவில்லை. 'இலெமூரியா' என்னும் பெயரோ 1864இல் சுகிளேட்டர் என்னும் உயிர்நூலறிஞர், இலெமூர் என்னும் விலங்கின் பரவலை விளக்குதற்கு இட்ட பெயர். கண்டத்தட்டுகளின் பெயர்ச்சி உணரப்பட்டபின் அவ்விளக்கம் வேண்டாததாயிற்று. உரையாசிரியர் கூற்றையும் உயிர்நூலார் கருதுகோளையும் ஒன்றென இணைத்து, அதன்மேற் கோயில்களை எழுப்புதல் அடித்தளமின்றிக் கோபுரம் எடுத்தலோ டொக்கும்.

நடு அமெரிக்காவின் மாயர் என்னும் மக்களையும் தமிழ் மரபின் மயனையும் ஒன்றென இணைத்தவர் வை. கணபதி தபதியார். அவர் தொழிற்புலமை ஐயத்திற்கு அப்பாற்பட்டது. எனினும் இம்முடிபை ஏற்றற்கில்லை. 1952இல் கினோரொசோவ் காட்டிய நெறியால் மாயர் எழுத்துகள் படிக்கப்படலாயின. அவை அம்மக்களின் சொந்த மொழியில் அவர்தம் அரசர் பெயர்களையே கூறுகின்றன. ஒலியொப்புமை ஒன்றே உறவாகாது. இக்கொள்கைக்குச் சிறந்த மறுப்பினைத் தந்தவரும் தபதியாரே எனலாம். 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் திறக்கப்பெற்ற 133 அடித் திருவள்ளுவர் சிலையைக் கல்லின்மேற் கல்லாக அடுக்கி, மரபறிந்த கைகளால் இத்தகைய ஆக்கம் இயலும் என்பதை அவர் நம் கண்முன்னே நாட்டினார்.

5. கல் கூறுவது

கழுகுமலைக்கு வருவாம். கி.பி. எட்டாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் வெட்டுவான் கோயில், மலையை மேலிருந்து வெட்டி இறக்கிய ஒற்றைக்கற்றளி. ஒற்றைக்கல்லில் இத்துணை நுட்பம் மனிதர்க்கு இயலாது. ஆகலின் அறியாத பொறியொன்றாற் செய்தனர் என்பார் உளர். அவர் கோயிலின் உச்சியை மட்டும் நோக்கினர் போலும். சிகரமும் அதனைச் சார்ந்த சிற்பங்களும் நிறைவுற்றிருப்ப, அடிப்பகுதி செதுக்கப்படாமலே நிற்கிறது. முதலில் பாறையைச் சூழ அகழி போலப் பிரித்தெடுத்து, பின்னர் மேலிருந்து கீழாக வேலை நடந்தமை இதனால் வெளிப்படை. உளி சென்ற வழியைப் பாறையே காட்டி நிற்கிறது. பொறி செய்ததாயின் பாதியில் நிற்றற்குக் காரணம் யாது? பொருள் வரத்து நின்றாலோ, புரந்தவன் மறைந்தாலோ நின்றுவிடுதல் மனிதர் தொழிற்கே உரிய இயல்பு.

அம்மலையின் சமணச் சிற்பங்களுக்கடியில் வட்டெழுத்துப் பொறிப்புகள் உள்ளன. குரவர், குரத்தியர், மாணாக்கர், செய்வித்தோர் எனப் பலர் பெயரும் ஆண்டுக் காணப்படும். வெட்டுவான் கோயிலைப் பற்றிய ஊர்க்கதையோ, தொழிற்பகையால் மகனைக் கொன்ற தந்தைச் சிற்பியைக் கூறும். கதை மெய்யன்றாயினும், செய்தவர் மனிதர் என்னும் உணர்வு அதில் மாறவில்லை.

சங்கரன்கோவிற் கோபுரத்தையும் இவ்வாறே நோக்குக. தமிழகத்து உயர்கோபுரங்களில் அடித்தளமும் கீழ்ச்சுவரும் கருங்கல். மேல்நிலைகள் செங்கல்லும் சுதையும். பாரம் குறைத்து உயரம் கூட்டும் தொழிலறிவு இது. சோழர் முற்காலத்தில் விமானமே ஓங்கி நின்றது. பிற்காலத்தில் வாயிற்கோபுரம் அதனை விஞ்சி உயர்ந்தது. பல்லவர் காலத் தரங்கப்போதிகை, சோழர் வெட்டுப்போதிகை, விசயநகரத்தார் பூமுனைப்போதிகை எனத் தூணுறுப்பு மாறி வந்தமையை 1914இல் சூவோ துப்ரேய் நிரல்படுத்திக் காட்டினார். ஒரே நாளில் பூதம் கட்டியதாயின் இவ்வளர்ச்சி நிரல் தோன்றியிராது. ஆகலின் ஒரு கோயிலின் காலத்தை அறிய விழைவார், கதையை வினவுமுன் போதிகையை வினவுதல் வேண்டும்.

6. பெயர் மறைந்த வழி

மெய்யான ஆசிரியன் மறக்கப்பட்ட இடத்தில் கொள்கை குடிபுகும் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலே தக்க சான்று. தலமான்மியம் அதனைக் கரிகாலன் எடுத்ததாகக் கூறிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறு சோழன் ஒருவன் பெயரும் கூறப்பட்டது. 1886இல் கல்வெட்டாய்வாளராக அமர்ந்த ஹூல்ட்சு அதன் கல்வெட்டுகளைப் படித்தபின்னரே, அது முதலாம் இராசராசனது என்பது உறுதியாயிற்று. அவனது 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அஃதாவது கி.பி. 1010இல், விமானத்திற்குச் செப்புக்குடம் அளித்த செய்தி கல்லிலேயே உள்ளது. குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயரும் கல்லிலேயே உள்ளது. கோயிற்பணி செய்தாரை, பரிசாரகர் முதல் நாவிதர் ஈறாக, அவ்வேந்தன் பொறிப்பித்தான். கோயிற் சுவரே தன்னைச் செய்தவரைச் சொல்லிக்கொண்டிருக்க, அதனைப் படியாத தலைமுறைகள் விடையை வேறெங்கோ தேடின. இன்றும் அவ்விமான நிழல் தரையில் வீழாது என்பார் உளர். ஒருநாள் மாலை ஆண்டு நின்றால் அது வீழ்தலைக் காணலாம்.

சென்னை உயர்நீதிமன்றம் முதலிய பிற்கால மாளிகைகளையும் இக்கொள்கை விட்டுவைக்கவில்லை. தார்த்தாரியா என்னும் பேரரசு கட்டியது, மண்வெள்ளத்தில் மூழ்கியது, ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர் என உலகெங்கும் உள்ள பெருமாளிகைகள் பற்றி இன்று பேசுகின்றனர். தார்த்தாரி என்பது பழம்படங்களில் உள்நாட்டு ஆசியாவிற்கு ஐரோப்பியர் இட்ட பொதுப்பெயர். அப்பெயரால் உலகாண்ட பேரரசு எதுவும் இல்லை. 1892இல் நிறைவுற்ற அந்நீதிமன்றத்தை வரைந்தவர் பிராசிங்டன், இர்வின். கட்டுமான ஒப்பந்தம் எடுத்து முடித்தவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். செங்கல் சுமந்தோர் பெயரே நமக்குக் கிட்டவில்லை. அவ்விடத்தையும் கற்பனைப் பேரரசிற்குக் கொடுத்தல் எத்துணைக் கொடுமை!

7. முடிபு

மேற்கூறியவற்றால் ஒன்று புலனாகும். பூதம், யவனர், மூழ்கிய கண்டம், வேற்றுலகத்தார் எனக் கொள்கைகள் பலவாயினும் அவற்றின் அடிக்கருத்து ஒன்றே: இம்மண்ணில் வாழ்ந்த சாதாரண மனிதரால் இஃது இயலாது என்பது. இழிவு கூறும் கொள்கையும் பெருமை கூறும் கொள்கையும் இதன்கண் ஒன்றுபடுகின்றன. பதினாயிரம் ஆண்டு முன்னைய கற்பனை முன்னோர்க்குக் கோயிலைத் தருவார், ஆயிரம் ஆண்டு முன்னைய மெய்யான தச்சனிடமிருந்து அதனைப் பறிக்கின்றனர்.

தலபுராணமோ இப்பிழையைச் செய்யவில்லை. சங்கரநயினார் கோயிற் கதை, வனங்காத்த ஒருவனை வேந்தனுக்கு முன் நிறுத்திற்று. புராணத்தை வரலாறாக மயங்குவாரும், வரலாற்றைப் புராணமாக்குவாரும் அதனிடம் கற்கத் தக்கது ஒன்று உண்டு: முதற்கண் கண்டவனையும், கையால் உழைத்தவனையும் மறவாமை.

ஆராய்ச்சி மாணாக்கர் ஒரு கோயிலுக்குட் புகுங்கால், முதலில் அடித்தளத்தின் கல்லெழுத்தைப் படிக்க. அடுத்துப் போதிகையை நோக்குக. பின்னர்த் தலபுராணத்தை அதன் வினாவறிந்து கற்க. இம்முறையில் நிற்பார்க்குக் கட்டியவர் யார் என்னும் வினா அச்சுறுத்துவதன்று. ஒன்பது நிலைக் கோபுரத்தின் கீழ் நிற்குங்கால், அதன் ஒவ்வொரு கல்லையும் ஏற்றிய தோளொன்று இருந்தது என எண்ணுதலே உண்மையான வியப்பு. அவ்வியப்பினைக் குறைக்கும் கொள்கை எதுவாயினும் தள்ளற்பாலதே என்க.