விரல் ரேகையும் பிழை வரம்பும்

ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுடைய வைணு பாப்பு தொலைநோக்கி இருப்பதை வாசகர்கள் அறிவீர்கள். அதைக் கொண்டு ஒரு விண்மீனின் ஒளியை அளப்பவர் விடையை எழுதியதும் எழுந்துவிட மாட்டார். பக்கத்தில் ± குறியிட்டு, பிழை எவ்வளவு இருக்கக்கூடும் என்பதையும் எழுதுவார்.

அதே மலையில்தான் நெல்லிவாசல்நாடும் இருக்கிறது. திருப்பத்தூர் மாவட்டம், மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை விதைக்கும் ஊர். தமிழகத்து ரேஷன் கடைகளில் விரல் ரேகை வைக்கும் முறை 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. அந்தக் கருவிக்கு ± தெரியாது. ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று சொல்லிவிடும்.

அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஒளியியல் வகைக் கருவியில், விரல் படும் கண்ணாடியின் அடியிலிருந்து ஒளி செலுத்தப்படுகிறது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5 என்றால் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 42 டிகிரி. அதைவிட அதிகக் கோணத்தில் வரும் ஒளி முழு அக எதிரொளிப்பு அடைந்து திரும்பிவிடும். ரேகையின் மேடு கண்ணாடியைத் தொடும் இடத்தில் மட்டும் எதிரொளிப்பு கெடுகிறது. அங்கே கறுப்புக் கோடு விழுகிறது. மேடு தேய்ந்திருந்தால்? தோல் வறண்டு சரியாகப் படியாவிட்டால்? கோடு அறுந்து அறுந்து தெரியும். மண்வெட்டி பிடித்தவர், கல் சுமந்தவர், முதியவர் ஆகியோரின் விரல்கள் பெரும்பாலும் இப்படித்தான்.

கணினி இந்தப் படத்தை முன்பு பதிந்ததோடு ஒப்பிட்டு ஒரு மதிப்பெண் போடுகிறது. எத்தனை மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி என்பதை மனிதர்கள்தாம் முடிவு செய்கிறார்கள். கூட்டி வைத்தால் உரியவரே தோற்பார். குறைத்து வைத்தால் அயலார் தேறிவிடுவார். இரண்டு பிழைகளையும் ஒருசேர ஒழிக்க எந்த அளவாலும் முடியாது.

பிழை சிறியதென்று எண்ணிவிடாதீர்கள். அரசுச் சேவைகளில் சரிபார்ப்பு வெற்றி 88 விழுக்காடு என்று 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் ஆதார் ஆணையமே தெரிவித்தது. 500 பேர் விரல் வைத்தால் 60 பேருக்கு ‘இல்லை’ என்று வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். மறுமுறை முயன்று தேறுபவர் உண்டு. மாற்று வழிகளும் விதிகளில் உண்டு. ஆனால், நான் நானே என்று மெய்ப்பிக்கும் சுமை அந்த 60 பேர் தலையில்தானே விழுகிறது?

இனி அந்தரங்கத்துக்கு வருவோம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அரசு அதில் கை வைக்கச் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவும் வேண்டும். மறு ஆண்டு ஆதார் வழக்கில், மானியங்களுக்கு ஆதார் கேட்கலாம் என்று 4 : 1 என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. சரிபார்ப்புப் பதிவுகளை ஐந்தாண்டு வைத்திருக்கும் விதியை நீக்கி, ஆறு மாதத்துக்கு மேல் கூடாது என்றது நீதிமன்றம். இது நல்ல திருத்தம். ஆயினும், ‘மிஞ்சாத அளவு’ என்ற சோதனையைப் பெரும்பான்மைத் தீர்ப்பு இளக்கமாகவே நடத்தியது என்பது என் கருத்து.

ஏன் என்கிறேன்? 2017 முதல் நம் மாநிலத்தில் வழங்கப்பட்ட ஸ்மார்ட் குடும்ப அட்டையில் க்யூஆர் குறியீடு இருக்கிறது. அதைக் காட்டினாலே எந்தக் குடும்பம், என்ன பொருள் வாங்கிற்று என்பது பதிவாகிவிடும். அட்டை தொலைந்தால் வேறு அட்டை வாங்கலாம். கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். ரேகைத் தகவல் கசிந்தால் விரலை மாற்ற முடியுமா? ஆள்மாறாட்டத்தைத் தடுக்கவே ரேகை என்கிறார்கள். உரியவரே விரலை வைத்துவிட்டு, 20 கிலோ அரிசிக்கு 18 கிலோ வாங்கிப் போனால் அதைக் கண்டுபிடிக்க ரேகைக் கருவியால் ஆகாது. அதற்கு வேண்டியது ஒழுங்கான தராசு.

தம் ரேகை எப்போது சரிபார்க்கப்பட்டது என்பதைக் குடிமக்களும் ஆணையத்தின் இணையதளத்தில் பார்க்கலாம் என்பது உண்மையே. அதற்கு ஆதாருடன் பதிவு செய்த கைப்பேசி வேண்டும், அதில் சிக்னலும் வேண்டும். மலைச் சிற்றூர்களில் எத்தனை பேருக்கு இது வாய்க்கும்?

2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மானியம் தருவதற்காக அரசு திரட்டும் தகவலுக்கு அது புதிதாகச் சம்மதம் கேட்கச் சொல்லவில்லை. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைக் காட்டி, மத்திய அரசு தான் அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு முழு விலக்கே அளிக்கலாம். கடைக்காரருக்கும் வங்கிக்கும் போட்ட கடிவாளத்தை, எல்லாரையும்விட அதிகத் தகவல் வைத்திருப்பவருக்குத் தளர்த்தி விட்டிருக்கிறார்கள்.