கல் போய்விட்டது, குழாய் இருக்கிறது

விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத் தழும்போடு இன்றும் சில பெரியவர்களைப் பார்க்கலாம். சிறுநீரகக் கல்லுக்காக வயிற்றைத் திறந்த காலத்துத் தழும்பு அது. 1976இல் ஸ்வீடனில் பெர்ன்ஸ்ட்ரோமும் யோஹான்சனும் முதுகில் துளையிட்டு, அதன் வழியே கல்லை எடுத்தார்கள். 1980இல் மியூனிக்கில் கிறிஸ்டியன் ஷவுசி குழுவினர் கத்தியே வைக்காமல் அதிர்வலையால் உடைத்தார்கள். இப்போது சிறுநீர் வரும் வழியிலேயே வளையும் கருவியை ஏற்றி, லேசரால் பொடியாக்குகிறார்கள். ஓரிரு நாளில் வீடு. வலியில் தரையில் புரண்டவர்களுக்கு இது பெரும் வரம்.

ஆனால் துளை சிறியது என்பதால் ஆபத்தும் சிறியதாகிவிடாது. கிருமி தங்கிய கல்லை உடைத்தால் அந்தக் கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே உலை வைக்கலாம். முன்கூட்டியே சிறுநீர் கல்ச்சர் பார்ப்பது அதற்காகத்தான். இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல்லுக்கு முதுகுத் துளையே பெரும்பாலும் ஏற்றது. தழும்பே வேண்டாமென்று லேசரைக் கேட்பவர் இரண்டு மூன்று முறை மயக்க மருந்து ஏற்க நேரலாம். மிஞ்சும் பொடியும் சிறுநீரகத்தின் அடிக்கிண்ணத்தில் தங்கி மறுபடி வளரலாம்.

எனக்குப் பெரிய கவலை ஸ்டென்ட்தான். சுமார் 25 செ.மீ. நீளம், இரண்டு முனையும் பன்றிவால் போலச் சுருண்ட மெல்லிய குழாய். கல்லை எடுத்தபின் வீக்கத்தால் சிறுநீர்ப் பாதை அடைபடாமல் காக்கவே வைக்கிறார்கள். அது உள்ளே இருக்கும்வரை பலருக்கு அடிக்கடி சிறுநீர் முட்டும், கழிக்கும்போது விலாவில் சுண்டி இழுக்கும், நடந்தால் ரத்தம் கலந்து வரும். இதையெல்லாம் முன்பே சொல்லாததால் ஆபரேஷனே கெட்டுவிட்டதென்று அழுதவர்கள் உண்டு. சிக்கலில்லாத லேசர் சிகிச்சைக்குப் பிறகு ஸ்டென்ட் பெரும்பாலும் தேவையில்லை. பழக்கத்தால் வைப்பதைக் குறைக்கலாம்.

பொறுத்துப் பழகியவர்களோ அதை எடுக்க வேண்டுமென்பதையே மறந்துபோகிறார்கள். கல்தான் போய்விட்டதே! மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அந்தக் குழாயின் மேலேயே கல் படிகிறது. எக்ஸ்ரேயில் இரண்டு சுருளும் சுண்ணாம்பு பூசியதுபோல் தடித்து வெளுத்துத் தெரியும். அதை எடுக்கப் பல ஆபரேஷன்கள் ஆகலாம். சிறுநீரகமே போனவர்களும் இருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் தாளின் கடைசி வரியில் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் இருக்கும், ஸ்டென்ட்டை எடுக்க வேண்டிய தேதியைக் கோப்பின் அட்டையிலேயே தமிழில் பெரிதாக எழுத வேண்டும். வராதவரின் வீட்டுக்கு மருத்துவமனையே போன் செய்ய வேண்டும்.