96 கட்டத்துப் பாய்

மீட்டர் தரவைச் சரிபார்க்கும் மென்பொருள் எதைத் திறந்தாலும் நான் நேராகப் போவது பாய்க்குத்தான். மற்றத் திரைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாய் என்று நான் சொல்வது மின் லோடை நிறத்தால் காட்டும் கட்டப்படத்தை: நாளுக்கு ஒரு வரி, கால் மணி நேரத்துக்கு ஒன்றாக வரிக்கு 96 கட்டம், 30 நாளுக்கு 2,880 கட்டம். லோடு ஏற ஏற நிறம் அடர்ந்துகொண்டே போகிறது. பத்தமடையில் கோரையை நெருக்கி நெய்தால்தான் ஓரக்கரை தெளிவாக விழும். இதிலும் வரிகளை இடைவெளி விடாமல் அடுக்கினால்தான் சித்திரம் எழும். வரிக்கு வரி வெள்ளைக்கோடு போட்டுப் பிரித்துவைக்கும் வடிவமைப்பாளர்கள்மீது எனக்குத் தீராத வருத்தம் உண்டு.

கோயம்புத்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றின் மூன்று மாத லோடு சர்வேயை இப்படி விரித்துப் பாருங்கள். ஷிப்ட் மாறும் நேரங்களில் மெல்லிய கோடுகள் மேலிருந்து கீழே இறங்கும். பொங்கலுக்கு அடுத்தடுத்துச் சில வரிகள் வெளுத்துக் கிடக்கும். கோடுகள் செங்குத்தாக இறங்கும்வரை மீட்டரின் கடிகாரம் நன்றாக ஓடுகிறது. மாதக்கணக்கில் அவை மெல்லச் சாய்ந்துகொண்டே வந்தால் கடிகாரம் நழுவுகிறது. கூரையில் சூரியத் தகடு வைத்தவர்களின் பாய் இன்னும் அழகு. நடுப்பகலில் பூத்து நிற்கும் அந்த நிறம் 22 கட்டம் இடப்பக்கம் நகர்ந்து, நள்ளிரவு 12.30-க்கே விடியத் தொடங்கியிருந்தால், சர்வரில் எங்கோ கிரீன்விச் நேரத்தை நம் நேரமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று அர்த்தம். ஐந்தரை மணி நேரத்துக்குச் சரியாக 22 கட்டம். இதற்கென்று யாரும் விதி எழுத வேண்டியதில்லை, கண்ணே சொல்லிவிடுகிறது.

ஆனாலும் பாயில் என் மனம் போய் நிற்கும் இடம் நிறமுள்ள கட்டம் அல்ல, வெற்றுக் கட்டம். ஒரு மென்பொருளை எழுதியவர் மீட்டரை அறிந்தவரா, வெறும் அட்டவணையை அறிந்தவரா என்பதை அங்கேதான் கண்டுகொள்கிறேன். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் 2 மணிவரை மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். அந்த 20 கட்டங்களும் பூஜ்யம். மீட்டரின் நிகழ்வுப் பதிவில் மின்தடைக்கான குறியீடு 101 விழுந்து, 102-ல் மின்சாரம் திரும்பியிருக்கும். அது மீட்டரே சாட்சி சொல்லும் பூஜ்யம், அளந்த பூஜ்யம். மறுநாள் அதே நேரத்தில் மோடம் செத்துப்போய் 20 கட்டங்கள் வந்தே சேரவில்லை. ஆலை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த இரண்டு நாளையும் ஒரே வெளிர்நிறத்தில் தீட்டிக் காட்டும் திரை பொய் சொல்கிறது. நான் மெச்சும் ஒரு திரையில் அளந்த பூஜ்யம் வெளிர்நிறமானாலும் நிரம்பிய கட்டமாக நிற்கும். வராத கட்டத்தில் நிறமே இருக்காது, சாய்கோடுகள் மட்டும். மதிப்பிட்டு நிரப்பிய கட்டத்தில் நிறம் வரும், மூலையில் ஒரு புள்ளியும் வரும். அந்தப் புள்ளியை எந்தப் பொத்தானாலும் மறைக்க முடியாது. மோடம் உயிர்பெற்று உண்மை ரீடிங் நான்கு நாள் கழித்து வந்து சேர்ந்ததும் புள்ளி தானாக விலகும். கட்டத்தைத் தொட்டால் முன்பு என்ன மதிப்பிட்டிருந்தது என்பது அடியில் அப்படியே இருக்கும். சாய்கோடுகளின் அடர்த்தியைக்கூட யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல்நிறமாகக் குழம்பாமல், கிட்டப் பார்த்தால் கண்ணைக் குத்தாமல் இருக்கிறது.

பாய் வேண்டாம், எண்களை வரிசையாகக் கொடுத்தால் போதும் என்பவர்களை நான் மதிக்கிறேன். நுகர்வோர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கும்போது எண்தான் பேச வேண்டும். கூட்டுச் சோதனையே எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்ற கட்சியோடு மட்டும் என்னால் ஒத்துப்போக முடியவில்லை. கட்டங்களின் கூட்டுத்தொகையும் ரெஜிஸ்டரின் வித்தியாசமும் பொருந்தினால் மாதம் சுத்தம் என்பார்கள். நான்கு கம்பி மீட்டரில் ஒரு பேஸின் மின்னழுத்தத்தை மீட்டருக்குக் கொடுக்கும் பி.டி.யின் ஃபியூஸ் போய்விட்டது என்று வையுங்கள். ரெஜிஸ்டரும் குறைவாக ஓடும், கட்டங்களும் அதே அளவு குறைவாகப் பதியும். கூட்டுச் சோதனை நிம்மதியாகத் தேர்ச்சி தரும். பாயில் மட்டும், ஒரு நாள் பிற்பகல் தொடங்கி நிறம் மூன்றில் ஒரு பங்கு இறங்கி, அதே உருவம் மங்கலாகத் தொடர்வது தெரியும். மின்னோட்டத்தைக் குறைத்து மீட்டருக்குக் கொடுக்கும் 200/5 சி.டி.யை மென்பொருளில் 100/5 என்று பதிந்தாலும் இதே கதைதான். உருவம் மாறாது, அளவு மட்டும் சரிபாதியாகும். மீட்டரை மாற்றிய தேதியில் பாய் சட்டென்று வெளுப்பதைப் பார்த்தவுடன் பெருக்கல் காரணியைத்தான் தேட வேண்டும்.

விதிகளின்மேல் எனக்குப் பகை கிடையாது. 1998-ல் மின்சந்தையைத் திறந்துவிட்ட கலிஃபோர்னியாக்காரர்கள் எழுதிய சரிபார்ப்பு விதிகளை இன்றும் ஆசையாக எடுத்துப் படிப்பேன். அன்றைய உச்சத்தை இரண்டாவதோடு ஒப்பிடாமல் மூன்றாவது உச்சத்தோடு ஒப்பிட்டார்கள். ஒரே நாளில் இரண்டு பொய் உச்சங்கள் விழுந்தாலும் மூன்றாவது காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு மணி நேரம்வரை விட்டுப்போனால் நேர்கோட்டில் நிரப்பலாம், அதற்குமேல் போனால் ஒத்த நாட்களின் சராசரி என்றார்கள். எது ஒத்த நாள் என்பதில்தான் நம் ஊரில் வழக்கு. ஆயுத பூஜைக்கு ஆலை நிற்கும் என்று தெரியாத நாட்காட்டி, முந்தைய மூன்று வாரத்தின் அதே கிழமையை எடுத்து நிரப்பிவைத்துவிடும். நல்ல மென்பொருள் பாயின்மேலேயே கைவைத்து இந்த வரி, இந்த வரி, அந்த வரி என்று நாட்களைப் பொறுக்கவிடும். நெதர்லாந்தில் யார்கே வான் வைக், எட்வர்ட் வான் செலோ என்ற இருவர் 1999-லேயே இதற்கு வழி காட்டிவிட்டார்கள். ஒரே சாயலுள்ள நாட்களைக் கூட்டம் சேர்த்து, கூட்டத்துக்கு ஒரு நிறம் கொடுத்து நாட்காட்டியில் தீட்டினார்கள். டிசம்பர் 5 அன்று சின்டர்கிளாஸ் திருநாளுக்காக ஊழியர்கள் முன்னதாகவே வீட்டுக்குக் கிளம்பிவிட்டது அதில் தனியாகத் தெரிந்தது. அந்தத் திரை நம் கைக்கு ஏன் இன்னும் ஒழுங்காக வந்து சேரவில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

திருத்தம் என்றால் எனக்கு, வீட்டுச் சுவரில் தொங்கிய வெள்ளை அட்டையில் கணக்கீட்டாளர் ரீடிங்கைப் பேனாவால் எழுதிப்போன காலம் நினைவுக்கு வருகிறது. எங்கள் தெருவுக்கு வருபவர் எண்ணைத் தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடுதான் கிழிப்பார். பழைய எண் அடியில் தெளிவாகத் தெரியும். பக்கத்தில் புது எண், அதன் ஓரத்தில் சின்னக் கையெழுத்து. கதவு பூட்டியிருந்தால் அதையும் எழுதிவைப்பார், பூஜ்யம் போட மாட்டார். அந்த அட்டையில் இருந்த நாணயம் இன்றைய திருத்தப் பெட்டிகள் பலவற்றில் இல்லை. பழைய மதிப்பின்மேலேயே புதியதை எழுதுகிறார்கள். யார் மாற்றினார் என்பதற்கு நான்கு திரை தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. காரணப் பட்டியலில் முதலில் நிற்பது ‘மற்றவை’. முதலில் நிற்பதைத்தான் வேலைப்பளுவில் இருப்பவர் அழுத்துவார். ஃபியூஸ் போனது, மோடம் பழுது, மீட்டர் மாற்றம் என்று களத்தில் நடப்பதை மேலே வைத்து, ‘மற்றவை’யைத் தேர்ந்தால் ஒரு வரியாவது எழுதவைப்பது பெரிய வேலையா?

இப்போது வரும் திரைகளில் முகப்பிலேயே ஒரு பச்சை முள் ஆடுகிறது. தரவுத் தரம் 99 சதவீதமாம். ஒரு மீட்டருக்கு மாதத்தில் ஒரு சதவீதம் என்றால் ஏறத்தாழ 29 கட்டம், ஏழு மணி நேரத்துக்கு மேல். அவை பின்னிரவில் சிதறிக் கிடந்தால் பெரிய பாதகமில்லை. இரண்டு மாலைகளின் உச்ச நேரத்தில் மொத்தமாக விழுந்திருந்தால் அந்த மாதத்தின் அதிகபட்சத் தேவையே சந்தேகத்துக்குள்ளாகும். அந்த முள்ளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. முள்ளைத் தொட்டால் பாய் விரிய வேண்டும், பெரும்பாலானவற்றில் விரிவதில்லை. தானாகவே எல்லாவற்றையும் நிரப்பிவிடுகிறோம், நீங்கள் எதையும் பார்க்கவே வேண்டாம் என்று பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். பார்க்க வேண்டாம் என்று சொல்லும் திரையை எதற்குக் காசு கொடுத்து வாங்குவது?

வாங்கும் இடத்தில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்வேன். டெமோவில் பாயைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, அதையும் ஒருமுறை ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லுங்கள். நுகர்வோர் குறைதீர் மன்றத்தின் மேசைக்குப் போய்ச்சேர்வது பெரும்பாலும் அந்தத் தாள்தான். சிவப்பும் பச்சையும் அதில் ஒரே சாம்பலாகிவிடும். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்குத் திரையிலேயே அதே கதிதான். சாய்கோடும் மூலைப்புள்ளியும் ஜெராக்ஸிலும் தெரிந்தால், அதை வடிவமைத்தவர் யார் என்று கேட்டு எனக்கும் சொல்லுங்கள்.